காலிதீன் மாற்றிய செட்

கல்முனைக்குடிக்கு வந்து காலிதீன் வீடு எது என்று கேட்டால், "எந்தக் காலிதீன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஸகியாவின் புருசன் என்று சொன்னால் போதும், மீன் ஏற்றுகிற லொறிக்காரன்கூட இறங்கி வந்து வழி காட்டுவான். சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிற, பாதி வயதைக் கடலில் காயப்போட்ட ஒரு ஆம்பிளைக்கு இந்தப் பேர் எங்கே போய்க் குத்தும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? நம் ஆட்கள் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மனுசன் கெட்ட மனுசன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாப்பா சின்ன வயதிலேயே மௌத்தானதால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கரைவலை இழுத்தவர். பிறகு கட்டாருக்குப் போய் லொறி ஓட்டினார். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல், ஒரு பக்கமாவது தண்ணீர் இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, ஒப்பந்தம் முடிந்த கையோடு திரும்பி வந்து ஒரு பைபர் வள்ளமும் எஞ்சினும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் ஸகியாவைக் கலியாணம் முடித்தார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போக வேண்டும். வீடு, வளவு, கிணறு, முற்றத்துத் தென்னை எல்லாம் பொம்பிளையின் பேரில். காலிதீனும் ஒரு சூட்கேசோடு போய்ச் சேர்ந்தார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஊரில் எல்லா ஆம்பிளைக்கும் அதே கதிதான். ஆனால் மற்றவர்களுக்கு வீட்டு வாசலைத் தாண்டினால் சொந்தப் பேர் இருந்தது. காலிதீனுக்குக் கடலிலும் ஸகியாவின் பேர்தான் முன்னால் போனது. அதற்குக் காரணம் அந்த வயர்லெஸ் செட்.

செட்டை வைக்க வேண்டும் என்று சொன்னவளே ஸகியாதான். ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் எஞ்சின் மக்கர் பண்ணி, காலிதீன் பொழுது பட்ட பிறகுதான் கரைக்கு வந்தார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் போன் செத்துவிடும், தகவல் சொல்ல வழியில்லை. கடற்கரையில் முந்தானை பறக்க நின்றவள் அவரைக் கண்டதும் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்க, வீட்டுல ஒரு செட் வைப்பம். வள்ளத்துலயும் ஒண்டு. இனி இப்பிடி நிண்டு கடலப் பாத்துக்கிட்டு இரிக்க எனக்கு ஏலா."

இரண்டு பேருமாகத்தான் கல்முனை பசாரில் றம்ஸீனின் கடைக்குப் போனார்கள். போன், ரேடியோ, வோக்கி டோக்கி எல்லாம் விற்கிற, திருத்துகிற கடை. அனுமதிப் பத்திர வேலையையும் றம்ஸீனே செய்து கொடுத்தார். கரையோரத்து வள்ளங்கள் எல்லாம் பாவிக்கிற பொதுச் செனலுக்கு இரண்டு செட் எடுத்தார்கள், வீட்டுக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று. கரண்ட் போனாலும் வேலை செய்ய ஒரு கார் பெட்டரி. "செட்டு பலமா இருந்தா மட்டும் காணாது, அன்டனா உசரத்துல நிக்கணும்" என்று றம்ஸீன் சொன்னதை ஸகியா பிடித்துக்கொண்டாள். தென்னைக்கு மேலே தலை தெரிகிற மாதிரி முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டும்வரை அவள் காலிதீனை விடவில்லை.

அந்த உயரம்தான் எல்லாவற்றையும் செய்தது. வள்ளத்துக்கு வள்ளம் கதைத்தால் கொஞ்சத் தூரம்தான் கேட்கும். கடலில் எந்த வள்ளம் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் ஸகியாவின் வீட்டுச் செட்டில் வந்து விழும். குசினியில் கறி தாளித்துக்கொண்டு நிற்பாள், செட்டில் யாரோ கூப்பிடுவான், கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். பாண்டிருப்பு வள்ளம் எஞ்சின் நின்று கிடக்கிறது என்றால் மருதமுனை வள்ளத்தைக் கூப்பிட்டுப் போகச் சொல்வாள். ஒருத்தன் பொஞ்சாதிக்குத் தகவல் சொல்லச் சொன்னால் போன் எடுத்துச் சொல்வாள். காலையில் வானொலியில் காற்றைப் பற்றிச் சொன்னதை அப்படியே செட்டில் ஒப்புவிப்பாள். ஒரு மாதத்திலேயே அவளுக்குக் கடலில் 'கல்முனை அக்கா' என்று பேர் விழுந்துவிட்டது. அக்கா என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். ஒருத்தரின் முகமும் அவளுக்குத் தெரியாது, குரலை வைத்துத்தான் எல்லாரையும் பிரித்து அறிந்தாள்.

அப்படிக் குரலால் அறிந்தவர்களில் இரண்டு பேர் பாண்டிருப்புத் தம்பிமுத்தும் அவரது மைத்துனன் பிரகாசும். தம்பிமுத்து நிதானமானவர், "தங்கச்சி, நாங்க இறங்கிட்டம்" என்று காலையில் ஒரு தரமும், "தங்கச்சி, கரையக் கண்டிட்டம்" என்று மாலையில் ஒரு தரமும் சொல்வார். பிரகாஸ் கலியாணம் முடித்து ஒரு வருசம்கூட ஆகாதவன், சும்மா இருக்க மாட்டான். "அக்கா, இண்டைக்கு வீட்டுல என்ன கறி? எங்களுக்கு மணக்குது" என்பான். "கடலுக்க நிண்டுகிட்டு மீன் கறி கேக்கிறியா, வெக்கமில்லியா உனக்கு?" என்பாள் இவள். அந்தச் சிரிப்பு எத்தனை வள்ளத்தில் கேட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்!

காலிதீனுக்கும் ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கடலில் ஒரு வள்ளத்தைக் கடக்கும்போது, "ஆரது? ஓ, அக்காட ஆளா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மீன் விற்கிற இடத்தில் முதலாளி, "அக்கா சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இவருடைய மீனைப் பார்ப்பார். காலிதீன் சிரிப்பார். சிரிப்பு முகத்தில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் ஸிராஜ் வாயை வைத்தான். ஸிராஜ் காலிதீனின் கூட்டாளி, யாரையாவது நக்கலடிக்காவிட்டால் குடித்த தேத்தண்ணீர் செமிக்காது அவனுக்கு.

"மச்சான், உன்ட பொஞ்சாதி சத்தம் போடாட்டி பாண்டிருப்பில பொழுதே விடியாதாமே! நீ வள்ளத்த வித்துட்டு அவவுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டு இரி."

கடை முழுக்கச் சிரித்தது. காலிதீனும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவருடைய காதுக்குள் கிடந்து குடைந்தது. தன் வீட்டுப் பொம்பிளையின் குரலைக் கண்ட கண்ட ஆம்பிளைகளும் கேட்கிறார்கள், அதுதான் தனக்குப் பிடிக்கவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பள்ளிவாசலில் ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஸகியாவின் வாப்பாவே செட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிடிக்காமல் போனது குரல் இல்லை, அந்தக் குரலுக்கு முன்னால் தான் சின்னதாகிப் போனதுதான். இது காலிதீனுக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியது, ஆனால் விளங்காத மாதிரி இருந்துகொண்டார் என்றும் சொல்லலாம்.

ஸகியா தன் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில் காலிதீன் தனியாக றம்ஸீனின் கடைக்குப் போனார். வீட்டுச் செட்டையும் வள்ளத்துச் செட்டையும் கழற்றிக் கையோடு கொண்டுபோனார்.

"இத மாத்தி வேற செட் எடுக்கணும். வீட்டுக்கும் வள்ளத்துக்கும் மட்டும் கதைக்கிற மாதிரி."

"இதுக்கு என்ன குற? நல்லாத்தானே வேல செய்யிது?" என்றார் றம்ஸீன்.

"ஒரே இரைச்சல். வேற ஆக்கள்ர கத வந்து விழுந்துகிட்டே இரிக்கி. மனுசன் கதைக்க ஏலாம கிடக்கு."

றம்ஸீன் அலுமாரியிலிருந்து இரண்டு செட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று முந்தினதைவிடப் பலமானது, நீண்ட தூரம் இழுக்கும். மற்றதன் பலம் கொஞ்சம் குறைவு, ஆனால் கோட், அதாவது இரகசிய எண், போடுகிற வசதி இருந்தது. "வீட்டுச் செட்டுலயும் வள்ளத்துச் செட்டுலயும் ஒரே கோட்டப் போட்டுட்டா, வேற ஆக்கள்ர சத்தம் ஒண்டும் உங்கட செட்டுல வராது. நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறது மட்டும்தான் கேக்கும்" என்று விளக்கினார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனால் காலிதீன் கேட்க வந்தது வேறு. எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்குமா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டால், அவங்களுக்குக் கேட்டா என்ன காக்கா என்று றம்ஸீன் கேட்பார். அப்போது பொஞ்சாதியின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், நாளைக்குத் தேத்தண்ணிக் கடையில் அதுவும் சேர்ந்து கொதிக்கும். தொண்டை வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, "கோட் போட்ட செட்டையே தாங்க" என்றார். கேள்வியில் பாதியைக் கேட்டு, மீதிப் பாதிக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு வந்த மனுசன் அவர்.

வீட்டுக்கு வந்து செட்டைப் பொருத்திப் பூட்டிப் பார்த்தார். செட் கப்சிப் என்று கிடந்தது. எப்போதும் சலசலத்துக்கொண்டு கிடந்த கடல் முழுக்க ஒரே நாளில் ஊமையாகிவிட்டது. அவர்களுடைய சத்தம் இங்கே வரவில்லை, அப்படியென்றால் எங்களுடைய சத்தமும் அங்கே போகாது என்று கணக்குப் போட்டார். கதவைச் சாத்தினால் இரண்டு பக்கமும்தானே சாத்துப்படும் என்று நினைத்தார். அந்தக் கோட் அப்படிப்பட்ட கதவு இல்லை. அது இவர்களின் காதை மட்டும்தான் பொத்தியது. இவர்கள் கதைத்ததெல்லாம் முந்தின மாதிரியே எல்லா வள்ளத்திலும் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஸகியா திரும்பி வந்து புதுச் செட்டைப் பார்த்தாள். "பழசு எங்க?"

"அது பழுதாகிற மாதிரி இரிந்தது. றம்ஸீன் மாத்தித் தந்தாரு."

இரண்டு நாள் போனது. "என்னங்க, ஒரு குருவிட சத்தமும் இல்ல. தம்பிமுத்து அண்ணன் இறங்கினாரா இல்லியா எண்டும் தெரியல்ல. பிரகாஸ் அப்பிடி வாய மூடிக்கிட்டு இரிக்கிறவனும் இல்லியே?"

"அந்தச் செனல இப்ப ஒத்தரும் பாவிக்கிறல்ல புள்ள. எல்லாரும் நல்ல நல்ல போன் வாங்கிட்டாங்க."

புருசன் சொன்னால் நம்புகிறவள். "எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டானுகளே" என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் காலிதீனின் தொண்டையில் முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. அதற்கு மாறாக மனுசனுக்குப் புது மாப்பிள்ளைக் குணம் வந்துவிட்டது. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், கலியாணம் முடித்த காலத்தில்கூடச் சொல்லாத கதையெல்லாம் செட்டில் சொல்லத் தொடங்கினார். "என்ட கிளி" என்றார். அவளும் ஆளில்லாத செட்டுத்தானே என்று நாணிக்கோணிச் சிரித்தாள். ஸிராஜும் கூட்டமும் கடலில் வள்ளத்தை நிறுத்திவைத்து இதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்திருக்கிறார்கள், சொன்னால் நின்றுபோகும் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. பாண்டிருப்பு ஆட்களோ, கூப்பிட்டால் அக்கா பதில் தருவதில்லை, நம்மேல் ஏதோ மனக்குறை போலிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கிவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கச்சான் வந்தது. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் ஓடும்வரை பயமில்லை, நின்றுவிட்டால் வள்ளத்தை வெளியே வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். தம்பிமுத்தின் வள்ளத்து எஞ்சின் நடுப்பகலில் நின்றது. மற்ற வள்ளங்கள் சூரை மீன் தேடித் தூர வடக்கே போயிருந்தன. காலிதீன் மட்டும் நடுவில் தனியாக வலை போட்டுக்கொண்டு நின்றார். தம்பிமுத்தின் கையில் இருந்தது ஒரு சின்னக் கைச்செட். அதன் சத்தம் எட்டக்கூடிய இடத்தில் இருந்தவை இரண்டே இரண்டு செட்டுகள். ஒன்று காலிதீனின் வள்ளத்தில், மற்றது ஸகியாவின் வீட்டில்.

மறுநாள் காலையில் தம்பிமுத்தின் மனைவி இராசாத்தி, தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல், ஸகியாவின் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"தங்கச்சி, அவரு செட்டுல ஏதும் கதைச்சவரா? ரெண்டு பேரும் இன்னும் வரல்ல. நேத்து வர வேண்டிய ஆக்கள்."

"ஒண்டும் வரல்லியே அக்கா! அந்தச் செனல்ல இப்ப ஒத்தரும் கதைக்கிறல்லியே" என்றாள் ஸகியா. இராசாத்தி விளங்காமல் பார்த்தாள். அதைப் பற்றிக் கேட்கிற நிலையில் அவள் இல்லை, அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டாள். ஸகியா குர்ஆனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காலிதீன் அன்றைக்கே வள்ளத்தை இறக்கித் தேடப் போனார். பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது எல்லா ஊர் வள்ளங்களும் போயின. நேவிக்கும் சொல்லியாகிவிட்டது. கச்சான் நின்றபாடில்லை. போனவர்கள் எல்லாரும் வெறுங்கையோடுதான் வந்தார்கள்.

நாலைந்து நாளில் தகவல் வந்தது. தெற்கே, ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிற ஒரு பெரிய வள்ளம் தம்பிமுத்தைக் கண்டு ஏற்றிக் கரை சேர்த்திருந்தது. தம்பிமுத்தை மட்டும்தான். பிரகாஸ் அதற்கு முந்தின நாள் தூரத்தில் ஒரு கப்பலைக் கண்டிருக்கிறான். கையை ஆட்டியும் கத்தியும் கப்பல் திரும்பவில்லை. வெறும் எண்ணெய்க் கலனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடலில் குதித்துக் கப்பலை நோக்கி நீந்தியிருக்கிறான். தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்த உடம்பு, எவ்வளவுதான் நீந்தும்? அவனுடைய உடம்பும் கிடைக்கவில்லை.

தம்பிமுத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு காலிதீனும் ஸகியாவும் பார்க்கப் போனார்கள். முகமெல்லாம் உரிந்து, உதடு வெடித்து, மனுசன் கட்டிலில் சாய்ந்திருந்தார். இராசாத்தி தன் தம்பி பிரகாசை நினைத்து அழுது அழுது குரலே இல்லாமல் ஒரு மூலையில் இருந்தாள். ஸகியா போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸகியாவின் முகத்தைத் தம்பிமுத்து அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார். ஆனால் அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தது."

ஸகியாவுக்கு விளங்கவில்லை. "எப்ப அண்ணன்?"

"எஞ்சின் நிண்ட அண்டைக்குப் பின்னேரம். நீங்க காலிதீன் தம்பியோட கதைச்சீங்க. ராவைக்குப் புட்டு அவிக்கவா, இடியப்பமா எண்டு கேட்டீங்க. தம்பி ஏதோ சொல்ல நீங்க சிரிச்சீங்க. நான் குறுக்க கூப்பிடத்தான் பாத்தனான். பிரகாஸ்தான், பொறுங்க அத்தான், அக்கா புருசனோட கதைக்கிறா, முடியட்டும் எண்டான். நீங்க முடிக்கும் மட்டும் பாத்துக்கிட்டு இருந்தம்."

தம்பிமுத்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பொறகு கூப்பிட்டம். கல்முனை அக்கா, கல்முனை அக்கா எண்டு அவன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். தம்பிட பேரையும் சொல்லிக் கூப்பிட்டவன். நீங்க திரும்பவும் தம்பியோட கதைச்சீங்க, எங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல. அக்காவுக்குக் கேக்கும், இப்ப கதைப்பா எண்டு அவன் செட்டக் கீழ வைக்கல்ல. பெட்டரி செத்த பொறகும் வைக்கல்ல. அவனுக்கு உங்கள்ல கோவமில்ல தங்கச்சி. அக்கா செட்டப் போட்டுட்டுக் குசினிக்கப் போயிட்டா போல எண்டுதான் சொன்னான்."

அவர் குற்றம் சொல்லவே இல்லை. ஏசியிருந்தால் காலிதீன் தாங்கியிருப்பார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடக் குனிந்து வாங்கியிருப்பார். இது எதையும் செய்யாமல் அந்த மனுசன் தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், மறைத்து என்ன வரப்போகிறது? அந்த நிமிசத்தில் காலிதீனுக்கு முதலில் வந்தது வெட்கம். நாங்கள் கதைத்ததெல்லாம் கேட்டிருக்கிறதா, கிளி என்று சொன்னது கேட்டிருக்கிறதா என்றுதான் நினைத்தார். அதற்கு அடுத்தபடியாகத்தான் பிரகாஸ் நினைவுக்கு வந்தான். அந்த ஒரு நொடியை நினைத்து இன்றைக்கும் மனுசன் தலையில் அடித்துக்கொள்கிறார். "ஒருத்தன்ட உசிரு போய்க் கிடக்கு, எனக்கு என்ட வெக்கம் பெரிசாப் பட்டிரிக்கி" என்கிறார். அதற்கு ஆறுதல் சொல்ல யாரிடம் என்ன இருக்கிறது?

திரும்பி வரும் வழியில் ஸகியாவை வீட்டில் இறக்கிவிட்டு, இரண்டு செட்டையும் கழற்றித் தூக்கிக்கொண்டு றம்ஸீனிடம் ஓடினார். அன்றைக்கு விழுங்கிய கேள்வியை இன்றைக்குக் கேட்டார். "கோட் போட்டா நாங்க கதைக்கிறது மத்த ஆக்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும்தானே காக்கா! கோட் உங்களுக்கு வாற சத்தத்தத்தான் மறிக்கும். உங்கட சத்தத்த அது ஒண்டும் செய்யாது. நீங்க அதக் கேக்கல்லியே?"

"ஓம், கேக்கல்லதான்" என்றார் காலிதீன். கோட்டை எடுத்துவிடச் சொன்னார். றம்ஸீன் ஒரு பொத்தானை இரண்டு தரம் அமத்தினார், அவ்வளவுதான் வேலை. செட்டைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி முடித்ததும் செட் கொட்டத் தொடங்கியது. ஒருத்தன் வலை வீசுகிற இடம் சொல்கிறான், ஒருத்தன் ஐஸ் காணாது என்கிறான், இன்னொருத்தன் பிரகாசின் வீட்டுச் செலவுக்கு எல்லா வள்ளமும் ஒரு நாள் மீனைக் கொடுப்போம் என்கிறான். ஸகியா குசினியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றாள். செட்டைப் பார்த்தாள், பிறகு காலிதீனைப் பார்த்தாள்.

"எல்லாரும் இரிக்காங்க" என்றாள். "ஒத்தரும் போனுக்கு மாறல்ல."

காலிதீன் செட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏன் மாத்தினீங்க?"

ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. ஸிராஜ் சொன்னது, கடை சிரித்தது, அக்காவின் ஆள் என்று கூப்பிட்டது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விசயம் என்று அவருக்கே கேட்டது. ஒரு தேத்தண்ணிக் கடைச் சிரிப்பு. அதற்காகவா?

அவள் கத்துவாள் என்று நினைத்தார். வீடு அவளுடையது, வெளியே போ என்றால் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அதற்கும் தயாராகத்தான் நின்றார். அவள் மாவு காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ட சத்தம் வெளிய கேக்கப்படாது எண்டா என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே. நான் வாயப் பொத்திக்கிட்டு இரிந்திருப்பன். கேட்டுக்கிட்டாவது இரிந்திருப்பனே."

அந்தச் சொல்லுக்குக் காலிதீன் அழுதுவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரிக் குந்தி இருந்து அழுதார். அவள் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை, உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஸகியா செட்டைத் தொடவில்லை. காலிதீன் கெஞ்சிப் பார்த்தார். அவளுடைய வாப்பா சொல்லிப் பார்த்தார். ஸிராஜே வீட்டுக்கு வந்து வாசலில் நின்று ஸகியாவிடம், "மச்சி, என்னாலதான் எல்லாம், மன்னிச்சுக்கிட்டுக் கதைங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிப் பார்த்தான். அவள் ஒருத்தரோடும் சண்டை போடவில்லை. சமைத்தாள், தொழுதாள், வெள்ளிக்கிழமைகளில் இராசாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செட்டுக்கு முன்னால் மட்டும் உட்காரவில்லை.

ஆகவே இப்போது காலிதீன்தான் அந்த வேலையைச் செய்கிறார். கடலுக்குப் போகாத நாட்களில் சுபஹுத் தொழுத கையோடு செட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார், கடைசி வள்ளம் கரையைக் காணும்வரை எழும்ப மாட்டார். கடலுக்குப் போகிற நாட்களில் ஸகியாவின் வாப்பாவை உட்கார வைத்துவிட்டுப் போவார். காற்று எப்படி, மழை வருமா என்று சொல்வார். அவளுக்கு வருகிற மாதிரிக் கதைக்க அவருக்கு வராது, வானொலிக்காரர் மாதிரி விறைத்துப்போய்த்தான் சொல்வார். வள்ளக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டு முடித்துவிட்டு யாராவது ஒருத்தன், "அக்கா இல்லியா காக்கா?" என்பான். "இரிக்கா, வேலையா இரிக்கா" என்பார். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுசி வேலையாக இருப்பாள்?

மாரி கழிந்து தம்பிமுத்து மறுபடி கடலுக்கு இறங்கினார். வயிறு இருக்கிறதே, அதற்கு வேறு வழி தெரியவில்லை. கூட வர ஆளில்லாமல் இராசாத்தியின் சொந்தக்காரன் ஒருத்தனைச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்குக் காலையில் காலிதீன் செட்டின் முன்னால் இருந்தார். ஸகியா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்முனை அக்கா, கல்முனை அக்கா. தங்கச்சி, நாங்க இறங்கிட்டம்."

விளக்குமாறு நின்றது. ஸகியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலிதீன் மைக்கின் வயரை இழுத்து அவளுக்கு நேரே நீட்டினார். கதை புள்ள, இந்த ஒரு தரமாவது கதை என்று அவருடைய முகம் கெஞ்சியது.

செட்டில் தம்பிமுத்து இரண்டாம் தரமும் கூப்பிட்டார். "தங்கச்சி, கேக்குதா?"

ஸகியாவின் உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"அண்ணனுக்குச் சொல்லுங்க" என்றாள் புருசனிடம், மெல்லமாக. "எனக்குக் கேக்குது எண்டு சொல்லுங்க."

காலிதீன் மைக்கைத் தன் வாய்க்கருகில் கொண்டுபோனார். பொத்தானை அமத்தினார்.

"தம்பிமுத்து அண்ணன்," என்றார், "அவவுக்குக் கேக்குதாம்."